கதவில் எழுதிய பெயர்

எங்கள் ஊரில், புயல் கரையைக் கடப்பதற்கு மூன்று நாள் முன்பு, ஒவ்வொரு வீட்டிலும் மூத்தவர் வாசல் கதவில் சாக்பீஸால் ஒன்றை எழுதிவைப்பார். புயல் வந்து அதை வாசிக்கும். வாசித்ததை மட்டும் எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போகும். கூரையையோ சுவரையோ மாட்டையோ தொடாது.

எழுதுவது வீட்டுக்கு வேண்டிய பொருளாக இருக்க வேண்டும். சைக்கிள் கடை ரத்தினவேலு ஒரு வருஷம் ‘கிழிந்த குடை’ என்று எழுதினார். புயல் குடையை எடுத்துக்கொண்டது, கூடவே மாடிப்படியையும் எடுத்துக்கொண்டது. விருந்துக்கு வந்திருந்த அவருடைய மாமனார் அப்போது மாடியில் இருந்தார். இப்போதும் அங்கேதான் இருக்கிறார். சாப்பாடு கயிற்றில் போகிறது. கீழத்தெருவில் ஒரு வீட்டுக்காரர்கள் எதுவுமே எழுதாமல் விட்டுவிட்டார்கள். அந்த வீட்டின் உள்பக்கம் போய்விட்டது. வாசல் கதவைத் திறந்தால் நேராகக் கொல்லை வருகிறது. எழுதியதை அழித்தாலும் எழுதாததற்குச் சமம்தான். அதனால் யாரும் அழிப்பதில்லை.

எங்கள் வீட்டில் மூத்தவள் என் அக்கா தையல்நாயகி. அவளுக்கு ஐம்பத்து மூன்று வயது, எனக்கு நாற்பத்தைந்து. அப்போது என் பெயர் அபயாம்பாள். அப்பா விட்டுப்போன மாவு மில்லை இருவரும் நடத்தினோம். வீட்டின் முன்பாதியில் மில் இருந்தது, பின்பாதியில் நாங்கள் இருந்தோம்.

அக்கா நியாயமாகத்தான் எழுதுவாள். ஒரு வருஷம் தையல் மிஷினை எழுதினாள். ஒரு வருஷம் கிணற்றுத் தண்ணீரின் இனிப்பை எழுதினாள். போன ஐப்பசியில் செவ்வாய்க்கிழமையை எழுதினாள். மில்லுக்கு அன்றுதான் விடுமுறை என்பதால் அது எங்களுக்குப் பெரிய இழப்பு. அதிலிருந்து எங்கள் வீட்டில் திங்கள் முடிந்தால் புதன்.

இந்த வருஷம் ஐப்பசி இருபதாம் தேதி துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினார்கள். வங்கக் கடலில் இருந்தது தீவிரப் புயலாகிவிட்டது என்று ரேடியோவில் சொன்னார்கள். நான் கடைத்தெருவுக்குப் போய் மெழுகுவத்தி, தீப்பெட்டி, பிஸ்கட் பாக்கெட், டார்ச்சுக்கு பேட்டரி எல்லாம் வாங்கிக்கொண்டு திரும்பினேன். கதவில் அக்காவின் சாய்ந்த கையெழுத்தில் ‘அபயாம்பாள்’ என்று இருந்தது.

பையைக் கீழே வைக்க வேண்டும் என்று தோன்றியது. வைக்க முடியவில்லை. விரல்கள் அதன் காதைப் பிடித்தபடி அப்படியே இறுகிவிட்டன. காதுக்குள் மில் ஓடுகிற இரைச்சல் கேட்டது. ஆனால் மில் நின்றிருந்தது, அக்கா பெல்ட்டுக்கு மெழுகு தடவிக்கொண்டிருந்தாள். அவள் விரல் நுனியில் வெள்ளையாக இருந்தது சாக்பீஸா மாவா என்று தெரியவில்லை. எழுத்தை இரண்டாம் முறை வாசித்தேன். வேறு யாராவது அபயாம்பாள் எங்கள் வீட்டில் உண்டா என்று யோசித்தேன். அப்படி யோசித்தது இன்றைக்கும் நினைவிருக்கிறது.

அக்கா என்னைப் பார்த்து, பேட்டரி கிடைத்ததா என்று கேட்டாள். கிடைத்தது என்றேன்.

புயலுக்கு முன்னால் மில்லில் கூட்டம் அதிகமாக இருக்கும். மின்சாரம் எத்தனை நாளைக்கு வராது என்று தெரியாததால் எல்லாரும் அரிசியும் கேழ்வரகும் கோதுமையும் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். அன்றும் வரிசை வாசல் வரைக்கும் நின்றது. நிற்கிறவர்கள் எல்லாரும் கதவை வாசித்தார்கள். பக்கத்து வீட்டு சௌந்தரவல்லி கேழ்வரகுத் தூக்கை என்னிடம் கொடுத்தாள்.

“காதுல கெடக்குறதக் கழட்டி வச்சிடு, அபயம். காத்து இழுக்குறப்ப அறுத்துடும்” என்றாள். பிறகு, கூழுக்கு என்பதால் ரொம்ப நைசாக வேண்டாம் என்றாள்.

சாயங்காலம் தலையாரி முனியமுத்து சைக்கிளில் வந்தார். எந்த வீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டு போவது அவருடைய வேலை. எங்கள் கதவைப் பார்த்துவிட்டு, ஆட்களை எழுதும் வீடுகளுக்குச் சொல்ல வேண்டிய விவரங்களைச் சொன்னார். நான் நிலைப்படிக்கு உள்ளே நிற்க வேண்டும். வெறும் வயிற்றோடு நிற்பது நல்லது, வழியில் ரொம்பக் குலுக்கும். பத்து வருஷத்துக்கு முன்னால் மேலத்தெரு மாசிலாமணியை அவர் வீட்டில் எழுதினார்கள். அவர் ஓங்கோலில் இறங்கி இட்லிக் கடை வைத்து நன்றாக இருக்கிறார், பொங்கலுக்குக் கடிதம் போடுகிறார். அதற்கு முந்தி எழுதப்பட்ட ஒரு அம்மாள் எங்கே இறங்கினாள் என்று இதுவரை தகவல் இல்லை. இவ்வளவையும் சொல்லிவிட்டுத் தண்ணீர் கேட்டார். அக்கா கொண்டுவந்து கொடுத்தாள்.

நாங்கள் சண்டை போடுகிற அக்கா தங்கை இல்லை. போட்டிருந்தால் ஒருவேளை அன்றைக்கே கேட்டிருப்பேன்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் கரூரில் எனக்கு ஒரு வேலை கிடைத்தது. என்னோடு படித்த செல்வாம்பிகை அங்கே நெசவாலைப் பெண்களுக்கு விடுதி நடத்துகிறாள். கூட இருந்து பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று கூப்பிட்டாள். டிரங்குப் பெட்டியில் துணி அடுக்கிவிட்டேன். கிளம்ப வேண்டிய காலையில் அக்காவின் புடவை மில் பெல்ட்டில் சிக்கி, இடது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கியது. அவள் என்னைக் கூப்பிட்டாள். தெருமுனை வரை போயிருந்தவள் திரும்பி ஓடி வந்தேன்.

அதற்குப் பிறகு அவள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். பெல்ட்டை மாட்ட, மூட்டையை நகர்த்த, வெந்நீர் வைக்க, கரண்ட் போய்விட்டது என்று சொல்ல, வந்துவிட்டது என்று சொல்ல. ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது ‘அபயம்’ என்பாள். இரண்டு முறை நான் பெட்டியோடு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிருக்கிறேன். இரண்டு முறையும், அரை மைல் தூரத்திலிருந்து, அவள் கூப்பிடுவது கேட்டது. அவள் என்னைப் போக வேண்டாம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. பெயரை மட்டும்தான் சொன்னாள். செல்வாம்பிகை வருஷா வருஷம் இன்னும் இடம் இருக்கிறது என்று எழுதிக்கொண்டிருந்தாள்.

இத்தனைக்கும் பிறகு என்னைப் புயலுக்குக் கொடுத்துவிட்டாள் என்பதை என்னால் நம்ப முடியவில்லை. சோற்றில் கை வைத்தால் அது சோறாகத் தெரியவில்லை. அவள் முகத்தைப் பார்த்தேன். எப்போதும்போல ரசத்துக்கு உப்புப் போதவில்லை என்ற முகமாகத்தான் இருந்தது. ஏன் என்று கேட்டால் பதில் சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருந்தது. அதனால் கேட்கவில்லை.

அடுத்த இரண்டு நாளும் வேலை பார்த்தேன். குடங்களிலும் அண்டாவிலும் தண்ணீர் நிரப்பினேன். தென்னை மட்டைகளை வெட்டி இறக்கினேன். மில் கூரைத் தகரத்துக்கு மேல் மணல் மூட்டை ஏற்றினேன். பியூஸ் கம்பி எந்த டப்பாவில் இருக்கிறது, மோட்டார் சூடேறினால் எவ்வளவு நேரம் நிறுத்தி வைக்க வேண்டும், மாதத்துக்கு ஒருமுறை அரவைக்கல்லைக் கொத்த யாரைக் கூப்பிட வேண்டும் என்று அக்காவுக்குக் காட்டினேன். அவள் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கவனமாகக் கேட்டுக்கொண்டாள். ஒரு விஷயத்தைத் திருப்பிச் சொல்லச் சொன்னாள். பிறகு முறுக்குச் சுட்டாள். ஒரு தூக்கில் போட்டு வாயைத் துணியால் கட்டி, டிரங்குப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். அதைப் பார்த்ததும்தான் நான் பெட்டியைத் திறந்து துணி அடுக்க ஆரம்பித்தேன்.

புயல் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வந்தது.

கிழக்குக் கோடியிலிருந்து ஆரம்பித்து, ஒற்றைப்படை வீடுகளை முதலில் பார்த்துக்கொண்டு வந்தது. வாசிக்கும்போது மழை நின்றுவிடும். எடுத்துக்கொண்டதும் திரும்பப் பெய்யும். அதை வைத்து எந்த வீட்டில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். ரத்தினவேலு வீட்டில் அவருடைய இடது கைப்பழக்கத்தை எடுத்துக்கொண்டது. சௌந்தரவல்லி வீட்டில் சமையல்கட்டு வாசனையை எடுத்துக்கொண்டது. பிறகு எங்கள் வாசலில் மழை நின்றது.

நான் நிலைப்படிக்கு உள்ளே நின்றேன். காதில் ஒன்றும் போட்டுக்கொள்ளவில்லை. வயிறு காலியாக இருந்தது. அக்கா எனக்குப் பின்னால் மில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் அங்கே என்ன செய்கிறாள் என்று திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

புயல் ஒவ்வோர் எழுத்தாக வாசித்தது. ‘ம்’ வந்ததும் கொஞ்சம் நிறுத்தியது. முடித்துவிட்டு உள்ளே வந்தது. ஈர மணலும் டீசலும் கலந்த வாடை அடித்தது. என் புடவை மேலே எழும்பியது, கால் தரையை விட்டது. ஒரு சாண் உயரத்தில் இருந்தேன். அப்போது என் தொண்டையிலிருந்தும், அக்காவின் தொண்டையிலிருந்தும், சுவரில் மாட்டியிருந்த என் சான்றிதழிலிருந்தும், அலமாரிக்குள் இருந்த ரேஷன் கார்டிலிருந்தும் ஏதோ உருவப்படுவது தெரிந்தது. வலிக்கவில்லை. ஊசியிலிருந்து நூல் கழன்று வருவதுபோல் இருந்தது. அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு புயல் அடுத்த வீட்டுக்குப் போனது. மழை திரும்பப் பெய்தது. நான் தரையில் நின்றுகொண்டிருந்தேன்.

கதவில் எழுத்து இல்லை. கை எட்டும் தூரத்தில் இருந்த அலமாரியிலிருந்து ரேஷன் கார்டை எடுத்துப் பார்த்தேன். அக்காவின் பெயருக்குக் கீழே வரி காலியாக இருந்தது. வயது மட்டும் இருந்தது.

அக்கா என்னைக் கூப்பிட வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. மூன்று முறை முயற்சி செய்தாள். மூன்றாவது முறைக்குப் பிறகு வாயை மூடிக்கொண்டு, சரிதான் என்பதுபோல் தலையை ஆட்டினாள்.

“என்னைத்தானே எழுதினே?” என்று கேட்டேன். மூன்று நாளில் அதைப் பற்றி நான் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

“உன்னை எழுதலை. உன் பேரைத்தான் எழுதினேன்” என்றாள். “இந்த வீட்டுல நான் அதிகமாப் புழங்குன சாமான் அதுதான்.”

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கதவில் பெயரைப் பார்த்தபோது வந்த அதிர்ச்சியை விட இது பெரிதாக இருந்தது. அது நெஞ்சில் இடித்தது. இது எங்கே இடித்தது என்று தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் மட்டும் வந்தது.

புயல் பெயரை விட்டுவிட்டு என்னையே எடுத்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று கேட்டேன். அவள் தரையைக் காட்டினாள். என் முந்தானை நுனி மில்லின் இரும்புக் காலில் மூன்று முடிச்சாகக் கட்டியிருந்தது. முந்தானையின் மேல் அவள் உட்கார்ந்திருந்தாள். மடியில் எழுபத்தைந்து கிலோ நெல் மூட்டை இருந்தது. அவளால் அதை எப்படி மடியில் ஏற்ற முடிந்தது என்று தெரியவில்லை. நான்தான் இறக்கிவைத்தேன்.

“முன்னாடியே சொல்லியிருக்கலாம்” என்றேன்.

“நீ கேட்டிருக்கலாம்” என்றாள்.

ஈர முடிச்சு இறுகிப்போயிருந்தது. அவிழ்க்க இருவருக்கும் கால் மணி நேரம் பிடித்தது. அதற்குள் அவள் மற்றதையும் சொல்லிவிட்டாள். பெல்ட் மாட்டவும் மூட்டை நகர்த்தவும் சௌந்தரவல்லி தினமும் வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறாள். செல்வாம்பிகைக்குக் கடிதம் போட்டாகிவிட்டது, வருகிறவளுக்குப் பெயர் இருக்காது என்றும் அதில் எழுதியிருக்கிறது. “அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடாம இருக்க என்னால முடியாது. பன்னெண்டு வருஷம் முயற்சி பண்ணிப் பாத்துட்டேன்” என்றாள். என்னைப் பற்றித்தான் சொல்கிறாள் என்று சற்றுக் கழித்துத்தான் புரிந்தது.

மறுநாள் காலையில் மழை விட்டிருந்தது. தெரு முழுக்க முருங்கை இலை கிடந்தது. பெட்டியையும் முறுக்குத் தூக்கையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அக்கா காலை இழுத்துக்கொண்டு வாசல் வரை வந்தாள். போய்ட்டு வர்றேன் என்றேன். குடையை எடுத்துக்கொண்டாயா என்று கேட்டாள்.

தெருமுனையில் பின்னால் அவள் வாயைத் திறக்கும் சத்தம் கேட்டது. எனக்கு அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும். நான் நின்றேன். காத்திருந்தேன். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் கரண்ட் வந்து மில் ஓடத் தொடங்கியது. நான் அழுதுகொண்டே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

பஸ் ஸ்டாண்டில் திருச்சி வண்டி நின்றிருந்தது. என்னோடு இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர் காத்திருந்தார்கள். எப்போது எடுப்பார்கள் என்று கண்டக்டரிடம் கேட்டேன். வண்டி தயார், ரோடு இன்னும் வரவில்லை, புயலோடு வேதாரண்யம் பக்கம் போயிருக்கிறது, மதியத்துக்குள் வந்துவிடும் என்று தகவல் என்றார். நான் பெட்டி மேல் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவர்களுக்கு முறுக்குக் கொடுத்தேன்.

ரோடு மூன்று மணிக்கு வந்தது. ரொம்ப நனைந்திருந்தது. ஊர் எல்லையில் நின்று உதறிக்கொண்டு, மெதுவாக அதன் இடத்தில் படுத்தது. போனபோது இருந்ததைவிட ஒரு வளைவு கூடுதலாக இருந்தது. டிரைவர் இறங்கிப் போய் அந்த வளைவைக் காலால் அழுத்திப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். நாங்கள் ஏறி உட்கார்ந்தோம்.