ஐந்தாவது லில்லி

மார்ச் 7, செவ்வாய். தவறு: ஒரு லில்லிப் பூவை மாவு ஆலையின் சுவருக்குள் நட்டுவிட்டேன். வெளியிலிருந்து யாருக்கும் கை எட்டாது. நடந்து சில வாரம் ஆகிறது, இன்றுதான் எழுதுகிறேன். அன்றே சரிசெய்துவிட்டோம், அதனால் சின்னத் தவறுதான். அப்படித்தான் நினைக்கிறேன்.

கடைசி வாக்கியத்தை அடித்துவிடலாமா என்று போக்னா பேனாவைக் கொண்டுபோனாள். அடிக்கவில்லை. மாலை வகுப்பில் கதை எழுதச் சொல்லிக்கொடுப்பவர் போட்ட நிபந்தனை அது. நாட்குறிப்பை அன்றைய தவறிலிருந்து தொடங்க வேண்டும், எழுதியதை அடிக்கக் கூடாது. வகுப்பில் மற்றவர்கள் இரண்டாவது வாரமே இதைக் கைகழுவிவிட்டார்கள். போக்னாவுக்கு விதி என்று ஒன்று கிடைத்தால் போதும், உடும்பாகப் பிடித்துக்கொள்வாள். தவறுக்கும் அவளிடம் பஞ்சமில்லை என்பது அவளுடைய எண்ணம்.

சுவருக்குள் போன லில்லி மண்ணில் முளைத்ததல்ல. போலந்தில், கதோவித்சே ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் தயாராகிக்கொண்டிருந்த வீடியோ கேமில் முளைத்தது. இளவரசரைக் கொன்றவனைத் தேடி ஆற்றங்கரை ஊர்களில் அலையும் ஓர் எல்லைக் காவலனின் கதை. கொலைகாரனைத் துரத்துவதுதான் பெருவழி. வழி நெடுக, ஓடிப்போன வாத்தைப் பிடித்துக் கொடு, கிணற்றில் விழுந்த வாளியை எடுத்துக் கொடு என்று ஊர்க்காரர்கள் சின்னச் சின்ன வேலை சொல்வார்கள். செய்தால் காசோ கத்தியோ கிடைக்கும். செய்யாமல் போனாலும் கதை நிற்காது, யாரும் கேட்கவும் மாட்டார்கள். அப்படிப்பட்ட சைடு மிஷன்களில் ஒன்றே ஒன்றை போக்னாவிடம் கொடுத்திருந்தார்கள்.

அவள் முதல் மாடிக்காரி. முதல் மாடியில் டெஸ்டிங் அறை. நாள் முழுக்க விளையாடி, எங்கே எது உடைகிறது என்று எழுதித் தரும் வேலை. மூன்றாம் மாடியில் எழுதுகிறவர்கள். அவளுடைய மிஷன் கேமில் நின்றால் அவளும் மேலே நிற்கலாம். வெட்டப்பட்டால் மறுபடி கீழே. முடிவு புதன்கிழமைக் கூட்டத்தில்.

மிஷன் இதுதான். கூச்ச சுபாவமுள்ள தச்சன் ஒருவன், மாவு ஆலை நடத்துகிற பெண்மேல் ஆசை வைத்திருக்கிறான். நேரே போய்ப் பேச நாக்கு வரவில்லை. ஆற்றங்கரையில் பூத்திருக்கும் லில்லிகளைப் பறித்து அவளிடம் கொடுக்கும்படி காவலனைக் கேட்கிறான். போக்னா ஐந்து லில்லி நட்டாள். அதில் ஒன்றுதான் சுவருக்குள் போனது. அது தெரியவந்தபோது ஓவியர்கள் அந்த நிலப்பரப்பைப் பூட்டிவிட்டிருந்தார்கள். இனி ஒரு புல்லைக்கூட யாரும் நகர்த்த முடியாது. மிஷன்களுக்கு எண்ணிக்கையும் பரிசும் வைக்கிற கெரார்ட், "இதுக்கு ஏன் முகத்த தொங்கப்போட்டுக்கிற? அஞ்ச நாலாக்கிட்டா முடிஞ்சுது. நம்பர்தான?" என்று கணினியில் ஒரு தட்டு தட்டினார். முடிந்தது.

அதற்குப் பிறகுதான் ஊருக்குள்ளிருந்து ஆட்களை வரவழைத்து விளையாடவிட்டார்கள். செவ்வாய் மதியம் கெரார்ட் அவளைக் கூப்பிட்டுத் தன் திரையைக் காட்டினார்.

"அம்மணி, உன் தச்சன் கட்டப் பிரம்மச்சாரியாவே போய்ச் சேர்ந்துடுவான் போலிருக்கு."

"ஏன், எங்கயாவது உடையுதா?"

"உடைஞ்சாத்தான் தேவலையே. பாரு. வர்றான். நாலு பூ பறிக்கிறான். ஆலைக்குப் போன்னு அம்புக்குறி காட்டுது. போறானா? போகமாட்டேங்கிறான். கரையிலயே சுத்துறான். அப்புறம் சலிச்சுப்போய்க் கொலைகாரனத் தேடிப் போயிடறான். முக்கால்வாசிப் பேர் இப்படித்தான்."

"வழி புரியலையோ?"

"அம்புக்குறி ஆலை அளவுக்கு இருக்கு. பரிசு கம்மின்னு நெனச்சு காச மூணு மடங்கு ஏத்துனேன். ஏத்துனதுக்கு இன்னும் கொஞ்ச நேரம் சுத்துறான், அவ்வளவுதான். கேட்டா 'பூ பத்தல'ன்னு எழுதிக்கொடுத்துட்டுப் போறாங்க. மிஷன் சின்னதா இருக்காம். பெருசாக்க நேரம் ஏது?"

அன்று மாலை வகுப்புக்குப் போகும் வழியெல்லாம் போக்னா தன் வசனங்களையே குறை சொல்லிக்கொண்டு போனாள். தச்சன் அதிகம் பேசுகிறானோ. ஆலைக்காரி அழகாக இல்லையோ. வகுப்பில் யார் என்ன வாசித்தார்கள் என்பது காதில் விழவில்லை. வீட்டுக்கு வந்து நாட்குறிப்பைத் திறந்தபோது சுவருக்குள் போன பூதான் ஞாபகத்துக்கு வந்தது.

புதன்கிழமை மார்ச் எட்டு, மகளிர் தினம். டிராம் நிறுத்தங்களில் ஆண்கள் வரிசையில் நின்று, பெண்களுக்குக் கொடுக்கத் துலிப் பூ வாங்கிக்கொண்டிருந்தார்கள். போக்னா முதலில் முதல் மாடிக்குப் போனாள். அவளுடைய பழைய நாற்காலி இன்னும் அங்கேதான் இருந்தது. பக்கத்து மேசை லுட்விகா அதில் தன் பையை வைத்திருந்தாள்.

"வந்துட்டியா. பைய எடுக்கட்டுமா?" என்றாள் லுட்விகா.

"இன்னும் கூட்டமே நடக்கல."

"நான் சும்மா கேட்டேன்டி. மேல இருக்கறவங்க நாற்காலியில உக்காந்தா முதுகு போயிடுமாம். நீ கீழ வந்தா உனக்கு நல்லதுதான். எனக்கும் டீ போட ஆள் ஆச்சு."

கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு கெரார்ட் வந்தார். கையில் சிவப்பு துலிப் கட்டு, காகிதம் பாதி கிழிந்திருந்தது. "டெஸ்டிங் ராணிகளுக்கு" என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். கட்டைப் பிரித்து உதடு அசைய எண்ணினார். பிறகு ஒரு துலிப்பை உருவி, யாரோ காபி குடித்து வைத்திருந்த கோப்பையில் செருகிவிட்டு, மிச்சத்தை லுட்விகாவிடம் நீட்டினார்.

"ஒண்ண ஏன் எடுத்துட்டீங்க?" என்றாள் லுட்விகா. "இதுலயுமா சிக்கனம்?"

"அவசரத்துல பூக்காரம்மா பத்தா கட்டிட்டா. பத்து பூ எதுக்குக் குடுப்பாங்க? நீ இன்னும் உயிரோடதான இருக்க?"

லுட்விகா சிரித்துக்கொண்டே பூவை வாங்கினாள். போக்னா சிரிக்கவில்லை. அவள் கோப்பையில் நின்ற ஒற்றை துலிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கெரார்ட், என் லில்லி எத்தனைன்னு போட்டீங்க?"

"நாலு."

சொன்ன வாய் மூடவில்லை. அவரும் கோப்பையைப் பார்த்தார்.

இரட்டைப்படையில் பூ கல்லறைக்குத்தான் போகும். இது அந்த ஊரில் பள்ளிக்கூடத்துக்குப் போகாத குழந்தைக்குக்கூடத் தெரியும். தெரிந்த கைதான் ஐந்தை நாலாக்கியது, தெரிந்த கண்தான் அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனது.

"அங்க அது நம்பர்மா," என்றார் கெரார்ட். "இங்கதான பூ."

போக்னா அவ்வளவு சுலபத்தில் நம்புகிறவள் இல்லை, தன்னையே நம்ப மாட்டாள். வெளியாட்கள் விளையாடியதன் பதிவுகளை லுட்விகாவின் திரையில் ஒவ்வொன்றாக ஓடவிட்டாள். ஒருவர் நாலு பூவோடு கரையை ஒருமுறை சுற்றினார், இன்னும் ஒருமுறை சுற்றினார். இன்னொருவர் ஆலைக்காரியின் கதவுவரை போய், கையில் இருப்பதைப் பார்த்து, திரும்பி ஆற்றுக்கே வந்தார். மூன்றாவது ஆள் ஆலையின் பின்சுவரில் ஓர் இலை நுனி நீட்டிக்கொண்டிருப்பதைக் கண்டுபிடித்து, வாளை உருவிக் கல் சுவரை வெட்ட ஆரம்பித்தார். வெட்டிக்கொண்டே இருந்தார். அந்தப் பதிவுக்குக் கெரார்ட் கொடுத்திருந்த குறிப்பு: 'வழி தெரியாமல் கோபப்படுகிறார்.'

"பாவி மனுஷன்," என்றாள் லுட்விகா. "ஒரு பூவுக்காக ஆலையவே இடிக்கப் பாத்திருக்கான். இந்த மாதிரி ஒருத்தன் எனக்குக் கிடைக்க மாட்டேங்கிறானே."

"காசுக்காக யாரும் சுத்தல," என்றாள் போக்னா மெதுவாக. "உயிரோட இருக்கறவ கையில நாலு பூ குடுக்க மனசு வரல. மிஷன் புரியாததால விட்டுட்டுப் போகல. புரிஞ்சதாலதான் போயிருக்காங்க."

மூன்றாம் மாடியில் டிமோனின் பலகையில் சைடு மிஷன்கள் எல்லாம் அட்டைகளாக ஒட்டியிருந்தன. டிமோன் அந்தப் பிரிவின் தலைவர். வெட்டுவதில் கை நடுங்காதவர் என்று பெயர். போக்னாவின் அட்டை இடது ஓரத்தில் இருந்தது. இடது ஓரம் வெட்டுவதற்கு.

"தச்சன்," என்றார் டிமோன். "எனக்குப் பிடிச்சுது. ஆனா முக்கால்வாசிப் பேர் முடிக்கல. முடிக்காத மிஷனுக்குக் குரல் பதிவுக்குப் பணம் கேட்டா என்னை மேல திட்டுவாங்க. வேற ஏதாவது சொல்லணுமா?"

போக்னா எழுந்தாள். வழக்கமாக அவள் 'ஒருவேளை' என்றுதான் ஆரம்பிப்பாள். இன்று நேரே விஷயத்துக்கு வந்தாள். பூவையும் துலிப்பையும் சுவரை வெட்டியவரையும் வரிசையாகச் சொல்லி முடித்தாள்.

டிமோன் கெரார்டைப் பார்த்தார். "நீ போட்டியா, நாலுன்னு?"

"போட்டேன்."

"உன் மாமியாருக்கு இப்படித்தான் வாங்கிட்டுப் போவியா?"

"ஆசை இருக்கு. தைரியம் இல்ல."

மேசையைச் சுற்றிச் சிரிப்பு ஓடி அடங்கியது. டிமோன் சிரிக்காமல் தாடையைத் தேய்த்தார். "சரி, அப்போ மூணாக்கு. கெரார்ட் ஒரு தட்டு தட்டினா ஆச்சு."

அறையில் எல்லோருக்கும் அது போதும் என்றே பட்டது. நேற்று வரை போக்னாவுக்கும் பட்டிருக்கும்.

"மூணு வேண்டாம்," என்றாள். "நாலே இருக்கட்டும். கரையில நாலுதான் கிடைக்கணும். அப்படியே கொண்டுபோய்க் குடுக்கறவன்கிட்ட ஆலைக்காரி கேக்கட்டும், 'யாரு செத்துட்டா?'ன்னு."

"விளையாடறவன் ஜப்பான்ல இருப்பான். அவனுக்கு என்ன தெரியும்?"

"அவளே சொல்லுவா. 'நம்ம ஊர்ல நாலு பூ கல்லறைக்குத்தான். தச்சன்கிட்டப் போய் ஒண்ணு சேத்துக் கொண்டா'ன்னு கதவ சாத்துவா. தெரிஞ்சவன் அவ சொல்றதுக்கு முன்னாடியே தச்சன்கிட்டத் திரும்பிப் போவான். எப்படிப் போனாலும் தச்சன் அஞ்சாவத செதுக்கிக் குடுப்பான். மரத்துல."

டிமோன் தாடையைத் தேய்ப்பதை நிறுத்தினார்.

"நிலத்தப் பூட்டியாச்சு," என்று எச்சரித்தார் கெரார்ட்.

"நிலத்தத் தொடல. தச்சன் கரண்டி செதுக்கற அசைவு ஏற்கெனவே இருக்கு, அதையே வெச்சுக்கலாம். ஆலை ஜன்னல்ல பொருள் வைக்க இடம் இருக்கு, இப்ப காலியா கிடக்கு. மரப்பூ அங்க நிக்கும். கடைசி வரைக்கும் வாடாது."

"சரி, பரிசு என்ன வைக்க? காசு?"

"வேண்டாம்."

"கத்தி?"

"அதுவும் வேண்டாம்."

"அம்மணி, பரிசே இல்லாம ஒருத்தன் எதுக்கு..."

"மூணாவது அத்தியாயத்துல குதிரைக்காரங்க காவலனத் துரத்திட்டு வர்றாங்கல்ல? அந்த ஆலைய ஒட்டித்தான் ஓடறான். இப்ப அந்தக் கதவு சும்மா சாத்தியே இருக்கு. பூ குடுத்தவனுக்கு மட்டும் அது திறக்கட்டும். ஆலைக்காரி அவன உள்ள இழுத்துக் கதவ சாத்துவா. குதிரைங்க தாண்டிப் போயிடும். ஒரு வார்த்தை பேச வேண்டாம். ஜன்னல்ல மரப்பூ மட்டும் தெரிஞ்சா போதும்."

கெரார்ட் தன் கணினியில் எதையோ தேடிப் பார்த்துவிட்டு, "கதவு திறக்கும். அது தனிப் பொருள்தான், பூட்டுக்குள்ள வரல," என்றார், அவளைப் பார்க்காமல்.

டிமோன் பலகைக்குப் போனார். இடது ஓரத்து அட்டையை எடுத்தார். மற்ற அட்டைகளை ஒரு விரற்கடை தள்ளி, நடுவில் ஒட்டினார்.

"நாளைக்குச் சாயங்காலம் நான் விளையாடிப் பாப்பேன். அதுக்கு முன்னாடி நம்ம ஊர்க்காரன் அல்லாத ஒருத்தன் விளையாடியிருக்கணும். சவுண்டுக்கு வந்திருக்கானே அந்தப் போர்ச்சுகல் பையன், ரூயி. அவனுக்கு முன்கூட்டி யாரும் எதையும் சொல்லக் கூடாது. சொன்னா யாரு சொன்னதுன்னு எனக்குத் தெரிஞ்சுடும், கெரார்ட்."

"நான் வாயே திறக்கல."

"போக்னா, இன்னொண்ணு. அந்த வாத்து மிஷனையும் ஒரு தடவ பாரு. அதுலயும் என்னமோ உறுத்துது, எனக்குப் பிடிபடல."

அவள் குறித்துக்கொண்டாள். எல்லோரும் எழுந்து கலையும்போது டிமோன் அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியின் முதுகை ஆட்டிப் பார்த்தார். அது ஒரு பக்கம் சாய்ந்தது.

"இதுல உக்காந்தா ஒரு வருஷம் தாங்க மாட்ட. கீழ இருக்கற உன் நாற்காலிய மேல கொண்டுவந்துடு."

கீழே லுட்விகா துலிப்புகளைத் தண்ணீர்க் குடுவையில் வைத்திருந்தாள். போக்னாவின் முகத்தைப் பார்த்ததுமே, நாற்காலியிலிருந்து பையை எடுத்துத் தரையில் வைத்தாள்.

"டீ போட ஆள் போச்சு," என்றாள். கோப்பையில் தனியாக நின்ற பத்தாவது துலிப்பை எடுத்துத் துடைத்து அவளிடம் நீட்டினாள். "இந்தா. ஒண்ணு ஒத்தப்படதான். தாராளமா வாங்கிக்கோ."

மார்ச் 8, புதன். தவறு: 'சின்னத் தவறுதான்' என்று நேற்று எழுதியது. அடிக்கவில்லை. நாளை: காலையில் நாற்காலியை மூன்றாம் மாடிக்குத் தூக்கிப் போக வேண்டும். தச்சன் செதுக்கும் காட்சியைக் கெரார்டோடு உட்கார்ந்து பொருத்த வேண்டும். ஆலைக்காரிக்கு வசனம் எழுத வேண்டும், மூன்று வரிக்கு மேல் போகக் கூடாது. மதியம் ரூயியை விளையாட உட்காரவைத்துவிட்டு, பின்னால் நின்று வாயைத் திறக்காமல் பார்க்க வேண்டும்.