முப்பத்தெட்டு முதல் நாவல்கள்

ஹர்தினா அக்காவும் நானும் மகாஸர் நகரத்தில் ஒரே சுகாதார நிலையத்தில் வேலை பார்த்தோம். அவர் பெயர்ப் பதிவு ஜன்னலில், நான் பக்கத்து அறையில் ஊசி போடும் நர்ஸ். காலை ஏழரைக்கே வரிசை வாசலைத் தாண்டிவிடும். அந்த நெரிசலிலும் அக்காவின் மேசை இழுப்பறை கொஞ்சம் திறந்தே இருக்கும். உள்ளே ஒரு நாவல் விரிந்து கிடக்கும்.

பேர்பெற்ற எழுத்தாளர்கள் மேல் அவருக்கு ஆசையில்லை. "அவங்களைப் படிக்கத்தான் ஊரே இருக்கே" என்பார். யாரும் கேள்விப்படாத பெயர் அட்டையில் இருந்தால்தான் கை அங்கே போகும். பிடித்துவிட்டால் போனில் எல்லோரும் பார்க்கிற மாதிரி நாலு வரி எழுதிப் போடுவார். அதைப் பார்த்துவிட்டுப் புத்தகம் தேடி அலைகிறவர்கள் நகரத்தில் சில நூறு பேர் இருந்தார்கள். அதனால்தான் ஒரு வாசகர் சங்கம் அவரைக் கூப்பிட்டது. முதல் நாவலுக்கான போட்டி, அச்சாகாத பிரதிகள், மூன்று நடுவர்கள். ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர், பத்திரிகை ஆசிரியர் ஒருவர், மூன்றாவதாகச் சாதாரண வாசகர் ஒருவர். அந்தச் சாதாரண வாசகர்தான் அக்கா.

"முப்பத்தெட்டு பேருடி வாஹிதா! ஒருத்தர் பேருகூட நான் கேட்டதில்ல!" என்று ஊசி அறைக்குள் வந்து குதித்தார். கையில் பஞ்சோடு உட்கார்ந்திருந்த கிழவர் மிரண்டுபோனார்.

முதல் வாரம் முழுக்க அந்த உற்சாகம் இருந்தது. மூன்றாவது வாரம் அவர் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்தது. பகலெல்லாம் ஜன்னல், வீட்டுக்குப் போனால் சமையல், மிச்ச நேரமெல்லாம் பிரதிகள். ஒன்றையும் பாதியில் விடமாட்டார்.

"பத்து பக்கம் பாத்தா தெரியாதாக்கா?" என்று கேட்டேன்.

"எழுதினவ கடைசி வரைக்கும் எழுதியிருக்கா இல்ல?" என்றார். கண்ணாடியைக் கழற்றி மூக்கைத் தேய்த்துக்கொண்டார். "எல்லாத்துலயும் மொத பக்கத்துல மழை பெய்யுதுடி. ஒருத்தி ஜன்னல் ஓரமா நிக்கிறா. மழை பெய்யாத நாவல் ஒண்ணு இருந்தா காட்டு, உனக்கு ரெண்டு கிண்ணம் சோத்தோ சூப் வாங்கித் தர்றேன்."

இருபத்தைந்தைத் தாண்டியபோது அவர் பேச்சே குறைந்துபோனது. இழுப்பறையில் சொந்தப் புத்தகம் எதுவும் இல்லை. மதியம் பெஞ்சில் சாய்ந்துகொண்டு, "வாசிக்கிற ஆசையே செத்துப்போச்சு வாஹிதா. எழுத்தைப் பாத்தாலே வாந்தி வருது" என்றார். இருபது வருடமாய் அவரைத் தெரியும். அந்த வார்த்தையை அவர் வாயில் கேட்டதே இல்லை.

முப்பத்தொன்றாவது பிரதி ரம்லா என்ற பெண் எழுதியது. பங்கெப் என்ற கடலோர ஊரில் இருந்து வந்திருந்தது. எழுத்துப்பிழை நிறைய, கடைசிப் பக்கங்கள் கோணலாய் ஒட்டப்பட்டிருந்தன. கடற்கரைக் கொட்டகையில் வேகவைத்த நண்டை உரிக்கும் பெண்களின் கதை. அதில் ஹலிஜா என்று ஒருத்தி, புருஷன் கடல்தாண்டி வேலைக்குப் போயிருக்கிறான் என்று ஆறு வருடமாய் எல்லோரிடமும் சொல்லி வருகிறாள். அவன் இருப்பதோ இரண்டு தெரு தள்ளி, வேறொருத்தி வீட்டில். அது கொட்டகையில் எல்லோருக்கும் தெரியும். ஒருத்தியும் சொல்வதில்லை. அவளிடம், "லெட்டர் வந்துச்சா?" என்று விசாரிக்கவும் செய்கிறார்கள்.

அக்கா அதில் மூழ்கியிருந்த அன்றைக்கு வரிசையில் இருந்தவர்கள் ஜன்னல் கண்ணாடியைத் தட்டினார்கள்.

"ஏம்மா, நம்பர் கூப்பிடுவியா, நாங்க வீட்டுக்குப் போய்ச் சாகவா?"

அக்கா நிமிர்ந்தார். கண் கலங்கியிருந்தது. "ஒரு நிமிஷம் பெரியவரே, லெட்டர் வந்துருச்சு" என்றார். பெரியவருக்கு ஒன்றும் புரியவில்லை.

தீர்ப்புக் கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நடந்தது. அக்காவை என் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விட்டதால் நானும் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பேராசிரியர் முஸ்தாரியும் ஆசிரியர் ஃபட்லியும் ஏற்கெனவே ஒரு இளவரசன் கதையைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அக்கா ரம்லாவின் பெயரைச் சொன்னார்.

"அதுல எழுத்துப்பிழைதான் இருக்கு" என்றார் ஃபட்லி.

"இருக்கு. பதினஞ்சாம் பக்கத்துல கொட்டகையில ஒரு சண்டை வருது, அது எப்படி இருக்குன்னு சொல்லுங்க."

ஃபட்லி பேராசிரியரைப் பார்த்தார். பேராசிரியர் தேநீர்க் கோப்பையைப் பார்த்தார்.

"எனக்குக் கண்ணுல புரை விழுந்திருக்கும்மா. ஒரு பிரதிக்குப் பத்து பக்கம்னு வச்சுக்கிட்டோம். முப்பத்தெட்டையும் முழுசா யார் படிக்கிறது?" என்றார் பேராசிரியர்.

"நான் படிச்சேன்யா" என்றார் அக்கா. குரலில் சண்டை இல்லை, களைப்புதான் இருந்தது.

இரண்டுக்கு ஒன்று. இளவரசன் ஜெயித்தான்.

அடுத்த சனிக்கிழமை மதியம் பங்கெப்புக்குப் போனோம். கொட்டகைக்குப் பின்னால் ஓலைக் கூரை போட்ட வீடு. ரம்லாவுக்கு ஐம்பது வயதிருக்கும், விரல் நுனியெல்லாம் வெட்டுத் தழும்பு. போட்டி நடுவர் என்று அக்கா சொன்னதும் நிமிர்ந்தார்.

"ஜெயிச்சிருக்கா?"

"இல்லக்கா" என்றார் ஹர்தினா அக்கா.

"அப்புறம் எதுக்கு வெயில்ல வந்தீங்க?"

"முழுசா படிச்சேன். அதைச் சொல்லணும்னு தோணுச்சு."

ரம்லா கண்ணைச் சுருக்கினார். "முழுசாவா? சரி, ஹலிஜாவோட மூணாவது பொண்ணு பேரு என்ன?"

"அவளுக்கு ரெண்டு பொண்ணுதான். ரெண்டாவதுக்குப் பேச்சு திக்கும்."

ரம்லா சத்தமாய்ச் சிரித்துவிட்டு உள்ளே போய்ப் பாய் எடுத்து வந்தார். தேநீர் வந்தது, பொரித்த வாழைப்பழம் வந்தது. அக்காவால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

"ஆனா முடிவு நல்லா இல்லக்கா. ஹலிஜா புருஷன் திடீர்னு படகு கவுந்து செத்துப்போறான். அவனைக் கொல்ல உங்களுக்கு என்ன அவசரம்?"

"ஓகோ! நாள் முழுக்க நண்டு உரிச்சுட்டு வந்து எழுதிப் பாரு, தெரியும்." முகம் சிவந்துவிட்டது. வாழைப்பழத் தட்டை அக்கா பக்கம் தள்ளினார். பிறகு, "கடைசித் தேதிக்கு ரெண்டு நாள்தான் இருந்துச்சு. ஆளைக் கொன்னாத்தான் முடியும்" என்றார்.

"அவன் சாகலேன்னா?"

"சாகலேன்னா அவ தினமும் அவனைத் தாண்டித்தான் வேலைக்குப் போகணும்." அதைச் சொல்லிவிட்டு ரம்லாவே ஒரு கணம் யோசித்தார்.

நாங்கள் கிளம்பும்போது அரிசிச் சாக்கு ஒன்றை இழுத்து வந்தார். உள்ளே பள்ளிக்கூட நோட்டுகள். "இன்னும் ரெண்டு கதை இருக்கு. யாரும் படிச்சதில்ல."

அக்கா மறுத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்தவர் யாரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். ஒரு நோட்டை விரித்துக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்தார்.

"இவ்வளவு பொடியாவா எழுதுவீங்க? எனக்கும் புரை விழுந்துரும் போல."

சாக்கை என் வண்டியில் கட்டினோம்.

கடைசி அத்தியாயத்தைத் திருத்தி எழுத ரம்லாவுக்கு எட்டு மாதம் ஆனது. அக்கா போனில் எழுதிப் போட்டதைப் பார்த்துச் சின்னப் பதிப்பகம் ஒன்று முன்வந்து முந்நூறு பிரதி அச்சடித்தது. அட்டையில் போட்ட நண்டு பங்கெப் பக்கம் கிடைக்கிற நண்டே இல்லையாம். அதற்காக ரம்லா மூன்று நாள் திட்டினார். பதிப்பகத்தாரை அல்ல, அக்காவை.

அக்காவுக்குப் பழைய வேகம் திரும்பவில்லை. மாதத்துக்கு ஒரு நாவல்தான் இப்போது. சில மாதம் அதுவும் இல்லை. போன வாரம் சாப்பாட்டு நேரத்தில் அவரிடம் கேட்டேன், இந்த வருடப் போட்டிக்கு மறுபடி கூப்பிட்டிருக்கிறார்களாமே என்று.

"ஆமா. அம்பத்தி ரெண்டு வந்திருக்காம்" என்றார்.

"வேணாம்னு சொல்லிட்டீங்களா?"

மீனில் இருந்து முள்ளைப் பிரித்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். "சாப்பிடு வாஹிதா. அம்பத்தி ரெண்டையும் சாக்குல கட்டிக் கொண்டுவர நல்ல கயிறா ஒண்ணு வாங்கணும்."