திறக்கத் தேவையில்லை

திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டிய தெருவில் மீனுக்கு ஐஸ் அடித்த கட்டடம் ஒன்று பூட்டிக் கிடந்தது. போரினால் கடலுக்குப் போகத் தடை வந்தபின் மீனும் இல்லை, ஐஸும் இல்லை. 2007இல் அதை வாடகைக்கு எடுத்தவர் டொக்டர் இராசதுரை. இந்த ஊரில் பிறந்து மெல்பனில் தலை நரைத்தவர். ஊரே வெளிநாட்டுக்கு வழி தேடிக்கொண்டிருந்தபோது அவர் மட்டும் எதிர்த்திசையில் வந்து, மனித உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தியை மீட்டுக் கொடுக்கும் கொம்பனி ஒன்றைத் தொடங்கினார். பெயர் ‘உயிர்த்துளி’. கிழக்கில் முதலிடுவோருக்கு வரிச்சலுகை உண்டென்று பத்திரிகையில் வந்திருந்தது. அதை நம்பி வந்தவர் அவர் ஒருவர்தான் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

பெயர்ப்பலகை மாறிய பிறகும் ஆட்கள் வாசலில் நின்று ஐஸ் கேட்டார்கள். உள்ளே ஐஸைவிடப் பலமடங்கு குளிரான திரவ நைட்ரஜன் இருந்தது. பிறந்த குழந்தைகளின் தொப்புள்கொடி இரத்தத்திலிருந்து பிரித்துப் பெருக்கிய மூல உயிரணுக்கள் அதில் உறைந்து கிடந்தன. அவை நல்லபடி ஏறினால், எதிர்ப்புச் சக்தி இல்லாத உடம்பில் புதிதாக அது முளைக்கும். இதுவரை எலிகளில் முளைத்திருந்தது.

கதிரவேல் அங்கே ஆய்வுகூட உதவியாளன். விலங்கியல் பட்டதாரி. முப்பது வயது ஆகவில்லை. மனைவி குணேஸ்வரி இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. வேலைக்கு எடுத்தபோது டொக்டர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“கை நடுங்குமோ?”

“இல்லை” என்றான். அது உண்மை. குணேஸ்வரி போனபின் அவனுக்கு எதுவும் நடுங்கவில்லை.

முதல் நோயாளி வெளியிலிருந்து வரவில்லை. கொம்பனியின் வான் சாரதி அலியாரின் மகள் பரீனா, மூன்று வயது. மூக்கு வடியும் சாதாரணச் சளித் தடிமன்கூட அவளை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தது. பரீனாவுக்குத் தம்பி பிறந்தபோது டொக்டரே போய்த் தொப்புள்கொடி இரத்தத்தை வாங்கி வந்தார். இருவருக்கும் பொருத்தம் சரியாக இருந்தது. அலியாருக்கு விளங்கட்டும் என்று அவர் உள்ளூர் உதாரணம் ஒன்று சொன்னார்.

“உடம்புக்குள்ளயும் செக்பொயின்ட் இருக்கு அலியார். வாற கிருமியை மறிச்சுப் பாக்கும். உம்முடைய பிள்ளைக்கு அது இல்லை.”

“ஒரு செக்பொயின்டும் இல்லியா?” என்றார் அலியார். “இந்த ஊர்ல குடுத்து வச்ச புள்ள அதுதான், டொக்டர்.”

டொக்டர் சிரித்தார். அலியார் சிரிக்கவில்லை.

பரீனாவைக் கொழும்பு ஆஸ்பத்திரி ஒன்றில் கண்ணாடி அறைக்குள் வைத்தார்கள். புதிய அணுக்களுக்கு இடம் வேண்டும் என்று, அவளிடம் இருந்த கொஞ்சநஞ்ச எதிர்ப்பையும் மருந்து ஏற்றி அழித்தார்கள். இனித் திரும்ப வழியில்லை. தம்பியின் அணுக்கள் உயிரோடு வந்து சேர்ந்தால் பிள்ளை இருக்கும், வராவிட்டால் இல்லை.

அவற்றைக் கொண்டுபோகும் பொறுப்பு கதிரவேலுக்கு. பால் கான் போன்ற ஒரு பாத்திரம், அடியில் நைட்ரஜன், நடுவே பிடி வைத்த குழல், குழலுக்குள் சிறிய பை. வழியில் எத்தனையோ சோதனைச் சாவடிகள். திறந்து குழலை வெளியே எடுத்தால், அணுக்கள் சாக வெயிலே போதும். டொக்டர் கடற்படை, இராணுவம், பொலிஸ் என்று ஒவ்வொரு வாசலாக ஏறி, ‘இப்பாத்திரம் திறக்கப்படக் கூடாது’ என்று மூன்று மொழியிலும் கடிதம் வாங்கினார். பிறகு, தானே சிப்பாயாக நின்று ஒத்திகையும் பார்த்தார்.

“திற.”

“ஏலாது ஐயா, கடிதம் இருக்கு.”

“நல்லம். இன்னொருக்கா.”

ஒத்திகையில் கதிரவேல் ஒருமுறையும் தவறவில்லை.

இந்தப் பகுதி ஆட்களுக்கு ஒரு பழக்கம் வந்திருந்தது. யாரும் கேட்கும்வரை காத்திருப்பதில்லை. சாவடி கண்ணில் பட்டதும் பையின் சிப் தானாகத் திறக்கும், சோற்றுப் பார்சல் தானாக அவிழும், பால்மா ரின்னின் மூடி கழன்று கையில் இருக்கும். கலியாண வீடொன்றில் பன்னீர் தெளிக்க நின்ற பெண்ணிடம் ஒருவர் கைப்பையை விரித்துக் காட்டியதைக் கதிரவேலே பார்த்திருக்கிறான். அப்போது அவனும் சிரித்தவன்தான்.

நகரைவிட்டு வெளியேறும் முதல் சாவடியில் அலியார் ஓட்டிய வானை மறித்தார்கள். சிப்பாய் இளைஞன். கடிதத்தை வாங்கி, சிங்களத்தில் இருந்ததை முழுதாக வாசித்து, தலையாட்டினான்.

“சரி, போங்க. திறக்கத் தேவையில்லை.”

சிப்பாய் நிமிர்ந்தபோது மூடி கதிரவேலின் இடக்கையில் இருந்தது. வலக்கை குழலை உயர்த்திப் பிடித்திருந்தது. வெண்புகை அவன் முழங்கையால் வழிந்து தார் ரோட்டில் பரவியது.

புகையைக் கண்டதும் மணல் மூட்டைக்குப் பின்னாலிருந்த மற்றவர்கள் ஓடி வந்தார்கள். துவக்குகள் நீண்டன. கீழே வைக்கச் சொன்னார்கள். கதிரவேல் குழலை அங்கிருந்த மேசையில் வைத்தான். மேசை நல்ல வெயிலில் இருந்தது. அணுக்களுக்காகப் பேசியது அவனோ அலியாரோ அல்ல, அந்த இளம் சிப்பாய்தான். கடிதத்தைத் தூக்கிப் பிடித்தபடி, திறக்கக் கூடாதென்று மேலிடத்துக் கட்டளை என்று தன் ஆட்களோடு வாதாடினான். வென்ற பிறகு கதிரவேலைப் பார்த்துக் கத்தினான்.

“உள்ளே வைங்க மாத்தயா. எழுதியிருக்கு திறக்க வேணாம் எண்டு. ஏன் திறந்தது?”

வான் கொஞ்சத் தூரம் ஓடியது. அலியார் ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டார்.

“அவன் கேக்கல்லியே தம்பி.”

“ஓம், அலியார் நானா.”

“கேக்காமலே ஏன்?”

கதிரவேல் பாத்திரத்தை இரண்டு காலுக்கும் நடுவில் இறுக்கிக்கொண்டான். பிறகு சொன்னான்.

“போன வருசம் குச்சவெளியில இருந்து குணேஸ்வரியைக் காய்ச்சலோட ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தனான். முதல் சாவடியில கேக்கட்டும் எண்டு நிண்டன், பிந்திப்போச்சு. அடுத்ததில எல்லாப் பையையும் நானே திறந்து வச்சன், உடன விட்டவங்கள். மற்றதிலயும் அப்பிடித்தான். அதுக்குப் பிறகு கை நிக்கிறேல்லை.”

அடுத்த சாவடி தெரிந்ததும் அலியார் வானை ஓரமாக நிறுத்தினார்.

“பின்னுக்குப் போய் இருங்க. அதை என்ட சீட்டுக்குக் கீழ வைங்க. கை ரெண்டையும் தொடைக்குக் கீழ போடுங்க.”

கொழும்புவரை கதிரவேல் தன் கைகளின் மேலேயே உட்கார்ந்து போனான்.

ஆஸ்பத்திரியில் பாத்திரத்தைக் கொடுத்ததும் நடந்ததைப் பெண் டொக்டரிடம் ஒன்றும் மறைக்காமல் சொன்னான். அவர் கோபிக்கவில்லை, சோதிக்கப் போனார். திரும்பி வந்து அலியாரைப் பார்த்துப் பேசினார். பாதிக்குமேல் செத்துவிட்டன. மிச்சம் போதுமா என்று அவருக்குத் தெரியாது. ஆனால் வேறு கொடுக்க எதுவும் இல்லை.

“குடுங்க” என்றார் அலியார்.

தொலைபேசியில் டொக்டர் இராசதுரை, “இதை ஒருத்தருக்கும் சொல்லாதேயும்” என்றார். மறுநாள் திரும்ப அழைத்து, வெப்பவலயத்து வெயிலைத் தாங்கிய அணுக்கள் என்று முதலீட்டாளர்களுக்கு எழுதலாமோ என்று கேட்டார். பிள்ளை பிழைக்கட்டும், பிறகு எழுதுங்கோ என்றான் கதிரவேல்.

அலியார் கொழும்பில் தங்கிவிட்டார். அவரிடமிருந்து வந்த செய்திகள் எல்லாம் ஒரே மாதிரி: இருக்கு, இன்னும் கண்ணாடிக்குள்ளதான் இருக்கு. மழைக்காலம் தொடங்கியபின் ஒருநாள் காலையில் அவர் குரல் வேறாக இருந்தது.

“தம்பி, புள்ளைக்குத் தடிமன்.”

கதிரவேல் கதிரையில் உட்கார்ந்தான். “எப்பிடி வந்தது?”

“என்னால வந்ததாம். டொக்டரம்மா நல்லா ஏசினாங்க. மூக்கு வடிஞ்சுது, காய்ச்சலும் அடிச்சுது.”

“இப்ப?”

“இப்ப இல்ல, நிண்டிட்டு. டொக்டர்மார் ஒவ்வொருத்தரா வந்து மூக்கப் பாத்திட்டுப் போறாங்க. தடிமன் நிண்டதுக்கு இவ்வளவு சந்தோசப்படுற ஆக்கள நான் கண்டதில்ல.”

“என்ன மருந்து குடுத்தவை?”

“ஒண்டும் இல்ல. தானா வந்திச்சு, தானா போயிட்டு.”

“தானாவோ?”

“ஓம் தம்பி. தானா.”

கதிரவேல் மறுபடியும் கேட்டான். அலியாரும் அலுக்காமல், முதலிலிருந்து, மூக்கு வடியத் தொடங்கிய இடத்திலிருந்து சொன்னார்.