சித்தப்பா எழுதிய மூன்று வரி

"தலைப்பக்கம் தூக்குங்க! இடிக்குது, இடிக்குது!"

ஸ்ட்ரெச்சர் வாசல்படியில் சிக்கிக்கொண்டது. சின்னவள் குனிந்து கொழுந்தனின் கால்களைப் பிடித்துத் தூக்கினாள். போன வாரம்வரை பன்னிரண்டு மாடி ஏறி லிஃப்ட் பழுது பார்த்த கால்கள்.

கூடத்தில் கிடத்தும்போது ஆஸ்பத்திரிப் பையிலிருந்து ஒரு காகிதம் விழுந்தது. தொண்டையில் குழாய். பேச முடியாமல் அவன் கடைசியாக எழுதியது.

அவள் ஓரகத்தி, பெரியவள், முந்திக்கொண்டு எடுத்து மகளிடம் நீட்டினாள். "எனக்குக் கண்ணெல்லாம் மறைக்குது. பாப்பா, சித்தப்பா என்ன எழுதியிருக்கார்னு சத்தமா படிடி."

சாவு வீட்டிலுமா பீற்றல்? சின்னவளுக்கு வயிறு எரிந்தது.

கொரோனாவில் பள்ளிக்கூடம் இரண்டு வருஷம் பூட்டிக் கிடந்தபோது, வேலையில்லாமல் வீட்டிலிருந்த கொழுந்தன் தன் போனைக் கொடுத்தது பெரியவள் மகளுக்கு. பக்கத்திலேயே உட்கார்ந்தும் இருப்பான். ஆன்லைன் வகுப்பில் பாப்பா டாண் டாணென்று பதில் சொல்வாள், டீச்சர் கைதட்டுவார். சின்னவள் மகனுக்குப் போனும் இல்லை, சித்தப்பாவும் இல்லை. மூன்றாம் வகுப்புக்கு வந்தும் எழுத்துக்கூட்டித் திணறுகிறான். பள்ளி திறந்து பத்தே நாள். அதற்குள் பெரியவள் கேட்டுவிட்டாள்: "உன் பையன் வண்டி இன்னும் முதல் கியர்லதான் ஓடுதாடி?"

பாப்பா காகிதத்தைப் பிரித்தாள்.

"அன்புள்ள அம்மா அப்பாவுக்கு, இங்கு நான் நலம். உங்கள் நலம் அறிய ஆவல்."

கூடம் விம்மியது.

"விடுமுறைக்குக் கட்டாயம் வீட்டுக்கு வருவேன்."

"எப்படா வருவே?" மாமியார் மார்பில் அடித்துக்கொண்டாள்.

சின்னவள் நிமிர்ந்தாள். என்ன விடுமுறை? இது சுவருக்கு அந்தப் பக்கம் பாப்பாவின் ஆன்லைன் வகுப்பில் மாதக்கணக்கில் கேட்ட கடிதப் பாடம் அல்லவா? எழுந்து போய் எட்டிப் பார்த்தாள். மூன்றே வரி. பாப்பாவின் விரல் ஒரே இடத்தில் நின்றிருந்தது. முதல் சொல், 'சின்ன அண்ணி'.

எனக்கா?

காகிதத்தை இழுத்தாள். பாப்பா விடவில்லை. கண்ணாலேயே கெஞ்சியது குழந்தை. பிறகு விட்டது.

சின்னவள் படித்தாள். மறுபடியும் படித்தாள்.

"என்னடி? என் பொண்ணு தப்பாப் படிச்சிட்டாளா?"

பெரியவள் முகத்தில் அந்தப் பழைய இளக்காரம். இதைத் துடைத்தெறியத்தானே இரண்டு வருஷமாகக் காத்திருந்தாள்? ஒரு தடவை சத்தமாகப் படித்தால் போதும். உதடு பிரிந்தது.

"இல்லக்கா. சரியாத்தான் படிச்சா."

காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

'சின்ன அண்ணி, பாப்பாவுக்கு ஒரு எழுத்துகூடத் தெரியாது.

வகுப்பில் காதோரம் பதில் சொன்னது நான்தான்.

இனி அவளை உங்க பையன் பக்கத்தில் உட்கார வையுங்க, அவன் எழுத்துக்கூட்டியாவது படிக்கிறான்.'