பெலயித் ஊற்றிய முதல் சுற்று

லாரி ஓட்டுநர் பெலயித் ஊற்றும் தேநீர் கிளாஸுக்கு வந்து சேர, அவருடைய கடைசிக் காலத்தில், பன்னிரண்டு நிமிடம் பிடித்தது. திஸ்னித் ஊரில் எங்கள் தெருவுக்கு இது பழகிப்போன விஷயம். எங்கள் பக்கம் தேநீரை உயரத்திலிருந்து ஊற்றினால்தான் விருந்தாளிக்கு மரியாதை. நுரை இல்லாத கிளாஸை நீட்டுவதும் முகத்தில் கதவைச் சாத்துவதும் ஒன்றுதான். மூன்று சுற்று குடிக்காமல் யாரும் எழக் கூடாது, அதுவரை கிளாஸைக் கழுவ எடுக்கவும் கூடாது. பெலயித் இந்த வழக்கத்தை மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகப் பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான்.

மூத்த மகள் தூதா பிறந்த அன்று கெண்டியைத் தோளுயரம் தூக்கி ஊற்றினார். அடுத்துப் பிறந்த மகனுக்கு முக்காலி மேல் ஏறினார். நான்கு பிள்ளைகள் ஆவதற்குள் மொட்டைமாடிக்குப் போய்விட்டார். பேரப்பிள்ளைகள் வர ஆரம்பித்ததும் மாடியில் ஏணி போட்டார். அது எதன் மேலும் சாயாமல் நின்றது. ஐந்தாவது பேரனுக்கு அப்புறம் அதன் உச்சி கீழிருந்து தெரியவில்லை. கிளாஸ் மட்டும் முற்றத்து நடுவிலேயே இருந்தது. ஒரு சொட்டு சிந்தியதில்லை. உயரத்தை அளக்க நகராட்சியிலிருந்து ஒருவர் நாடாவோடு வந்தார், மூன்று சுற்று குடித்தார், நாடாவை மறந்துவிட்டுப் போனார். அதை வைத்துத்தான் தூதா இன்றும் திரைச்சீலைக்குத் துணி அளக்கிறாள்.

முப்பத்தைந்து வருடம் அகாதிர் நகரத்துக்கு வெங்காயம் ஏற்றிப் போனவர். வழியில் யார் கை காட்டினாலும் ஏற்றிக்கொள்வார், அதனால் வெங்காயம் ஒருநாளும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததில்லை. பிள்ளைகளை அடித்ததே கிடையாது. கோபம் வந்தால் வெளியே போய் லாரி ஹாரனை அடித்துவிட்டு வருவார். சொல்ல எனக்கு வெட்கமில்லை, என் சொந்தத் தகப்பனைவிட அவரைத்தான் எனக்குப் பிடிக்கும்.

தூதாவிடம் ஒரு குணம் உண்டு. கிளாஸைக் கண்டால் கை சும்மா இருக்காது. விருந்தாளி கடைசி மிடறு குடிப்பதற்குள் பிடுங்கிக் கழுவிவிடுவாள். அவள் மகள் இஜ்ஜா கடைக்குட்டிப் பேத்தி, தாத்தாவின் செல்லம். நர்ஸ் படிப்புக்கு அகாதிர் கிளம்பும் முன், ஒரு வெள்ளிக்கிழமை, கூஸ்கூஸ் சாப்பிட்டு முடித்த கையோடு அழ ஆரம்பித்தாள்.

"நீ பாட்டுக்குப் படி. கல்யாணம் மெதுவா வரட்டும். உன் கல்யாண டீயை நான்தான் ஊத்துவேன்" என்றார் பெலயித்.

"அதுவரைக்கும் இருப்பீங்களா தாத்தா?"

"இல்லாட்டி என்ன, இன்னும் கொஞ்சம் ஒசரத்துலருந்து ஊத்திட்டாப் போச்சு."

சொன்னவர் அப்போதே எழுந்து, முற்றத்தில் ஒரு கிளாஸை வைத்தார். கல்யாணத்துக்கு எடுக்கும் பெரிய கெண்டியில் தேநீர் போட்டார். மனைவி ஃபத்மா பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, கீழ இருக்கிறது ஒத்தை கிளாஸு. நாப்பது பேருக்கு ஊத்துற கெண்டி எதுக்கு? சர்க்கரையை வேற அள்ளிக் கொட்டியிருக்கீங்க!"

"எம் மகளைப் பத்தி எனக்குத் தெரியும்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஏணியில் ஏறினார்.

அசர் தொழுகைக்குக் காலிக் கெண்டியோடு இறங்கி வந்தார். கிளாஸும் காலியாகத்தான் இருந்தது. தெருவே கேலி செய்தது. "பெலயித் அண்ணே, உங்க டீ கடல்ல விழுந்து மீனெல்லாம் தூங்காம சுத்துதாம்!" அவர் சிரித்தார். "வந்துக்கிட்டு இருக்கு. கிளாஸை மட்டும் எடுத்துடாதீங்க."

எட்டு மாதம் கழித்து, மதியத் தூக்கத்திலேயே போய்விட்டார். கிளாஸ் முற்றத்தில் இருந்தது. விடுமுறைக்கு வரும் இஜ்ஜா, பெட்டியைக் கீழே வைக்கும் முன் அதைத்தான் பார்ப்பாள். நாற்பதாம் நாள் சாப்பாட்டுக்கு ஊரே வந்தது. எல்லோரும் போனபின் தூதா அழுதுகொண்டே பாத்திரம் கழுவினாள், முற்றத்தையும் கழுவிவிட்டாள். துடைத்து அடுக்கும்போதுதான், முற்றத்துக் கிளாஸையும் எடுத்துக் கழுவிவிட்டது உறைத்தது. நாற்பது கிளாஸும் ஒரே பெட்டியில் வாங்கியவை, ஒரே பச்சை. எது அவர் வைத்தது, சரியாக எந்த இடத்தில் வைத்தது, எதுவும் தெரியவில்லை. ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

இஜ்ஜா மூன்று வாரம் அம்மாவோடு பேசவில்லை. படிப்பு முடிந்து, மாப்பிள்ளை வீட்டார் வழக்கப்படி சர்க்கரைக் கூம்புகளோடு பெண் கேட்டு வந்தபோது தேதி குறிக்க மறுத்தாள்.

"தாத்தா ஊத்துனது மண்ணுல விழுறத நான் எப்படிம்மா பாப்பேன்?"

ஃபத்மாதான் சொன்னாள்: "எந்த கிளாஸுன்னு தெரியலைன்னா நாப்பதையும் வையுங்கடி. முற்றம் பூரா வையுங்க. என்ன இப்போ?"

அப்படித்தான் கல்யாணம் நடந்தது. பந்தல் போடவில்லை; விருந்தாளிகள் சுவரோடு ஒட்டி நின்று வெயிலில் காய்ந்தார்கள். அசர் தொழுகை முடிந்ததும் முதலில் புதினா வாசம் வந்தது. அப்புறம் நூல் போல தேநீர் இறங்கியது. ஒரு கிளாஸை நுரை ததும்ப நிரப்பி அடுத்ததற்குத் தாவியது, அதிலிருந்து அடுத்ததற்கு. நாற்பதாவது நிரம்பியதும் நின்றது. தரையில் ஒரு சொட்டு இல்லை.

தூதா முகத்தை மூடிக்கொண்டாள். "கழுவிடுவேன்னு அன்னிக்கே தெரிஞ்சிருக்கு பாரேன் இந்த மனுஷனுக்கு!" இஜ்ஜா அழுதுகொண்டே சிரித்து, தன் கிளாஸின் முதல் மிடறை அம்மாவுக்குக் கொடுத்தாள். கைபொறுக்காத சூடு. ஃபத்மா ஒரு வாய் குடித்துவிட்டு, சர்க்கரை அதிகம் என்றாள்.

ஆறு வருடம் ஆகிறது. நாற்பது கிளாஸும் முற்றத்தில் அன்று வைத்த இடத்திலேயே இருக்கின்றன. இஜ்ஜாவின் இரண்டு பிள்ளைகளும் அவற்றுக்கு நடுவேதான் நடக்கப் பழகினார்கள். தூதா அவற்றைத் தொடுவதில்லை. பெலயித் வீட்டில் தேநீர் மூன்று சுற்று. இன்னும் இரண்டு வர வேண்டியிருக்கிறது.