சதுப்பில் கேட்ட அலறல்

சாலை போடும் இடத்தில் தன்னைவிட நிதானமான ஆள் கிடையாது என்பது பொக்லைன் ஓட்டுநரின் நெடுநாள் நம்பிக்கை. அந்த நம்பிக்கையோடுதான் அன்று காலை சதுப்பு நிலத்தின் கரிய சேற்றை அள்ளிக்கொண்டிருந்தார். வாளியிலிருந்து உருண்டையாக ஏதோ நழுவி விழுந்தது. கல்லாக இருக்கும், காலால் தள்ளிவிடலாம் என்று இறங்கிப் போனார்.

கல்லுக்குப் பல் இருந்தது.

நிதானம் எந்தப் பக்கம் போயிற்றோ, அவர் அதற்கு எதிர்ப்பக்கம் ஓடினார். ஒற்றை பூட்ஸைச் சேறு பிடுங்கிக்கொண்டது. "கொலை! கொலை!" என்று அவர் போட்ட கூச்சலில் மேற்பார்வையாளர் வேறு வழியில்லாமல் போலீஸுக்குப் போன் செய்தார்.

இன்ஸ்பெக்டர் வந்து ஓட்டுநரை விசாரித்தார். "சந்தேகப்படும்படியா ஏதாவது பாத்தீங்களா?"

இல்லை என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். ஆனால் இத்தனை பேர் தன் வாயையே பார்த்து நிற்பது அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. கல்யாணத்தன்றுகூட எல்லாரும் பெண்ணைத்தான் பார்த்தார்கள்.

"போன வாரம் இந்தப் பக்கம் ஒரு அலறல் கேட்டுச்சுங்க."

"ஆம்பளைக் குரலா?"

"ஆம்பளைதாங்க. நடுத்தர வயசு இருக்கும்."

பிற்பகலில் தொல்லியல் ஆய்வாளர் அம்மா ஒருவர் வந்தார். சேற்றுக்குள் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் துழாவினார். பக்கத்திலேயே இன்னும் மூன்று எலும்புக்கூடுகள் தெரிந்தன.

"இது கொலை இல்ல சார், இடுகாடு. உடம்பு மிதக்காம இருக்க, சுத்தி முளையடிச்சுத் தண்ணிக்கடியில புதைச்சிருக்காங்க. சில ஆயிரம் வருஷத்துக்குக் குறையாது."

இன்ஸ்பெக்டர் மெதுவாகத் திரும்பினார். "ஏன்ணே, போன வாரம் அலறினது இவங்கள்ல யாரு?"

ஓட்டுநர் தன் ஒற்றைக் காலுறையைக் குனிந்து பார்த்துக்கொண்டார். பார்ப்பதற்கு வேறெதுவும் இல்லை.

செய்தி அவருக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்திருந்தது. "நான் அடுப்படியிலேருந்து கூப்பிட்டா கேக்காது. ஆயிரம் வருஷத்துக்கு முந்தி கத்தினது மட்டும் கேக்குதா?" என்றாள் மனைவி. அவர் கை கழுவிவிட்டுச் சாப்பிட்டார்.

வேலை நின்றுபோனது. சாலையை வேறு வழியாக வளைக்க முடிவாயிற்று. அவரை வேறிடத்துக்கு மாற்றினார்கள். ஆனாலும் விடுமுறை நாளில் சும்மா அந்தப் பக்கம் போனார். சும்மாதான் என்று மனைவியிடமும் சொன்னார், தனக்கும் சொல்லிக்கொண்டார்.

குழிக்குள் ஒரு மனிதர் முழங்காலை மடக்கி, ஒருக்களித்துத் தூங்குபவர்போலக் கிடந்தார். ஆய்வாளர் அவருடைய தொடை எலும்பைக் காட்டினார்.

"இளவயசுல முறிஞ்சு கோணலாக் கூடியிருக்கு. சரியா நடந்திருக்க முடியாது. ஆனா பல்லைப் பாத்தா, நல்லா வயசாகித்தான் போயிருக்கார். யாரோ கடைசிவரைக்கும் வச்சுக் காப்பாத்தியிருக்காங்க."

"அப்போ கீழே, கணுக்கால் பக்கம் உடைஞ்சிருக்கே? அதுவும் அப்பவேவா?"

ஆய்வாளர் கொஞ்சம் தயங்கினார். "அது உங்க வாளிங்க."

ஓட்டுநர் எலும்புக்கூட்டைப் பார்த்தபடி குழியோரம் உட்கார்ந்தார்.

"தெரியாம நடந்துடுச்சு. மனசுல வச்சுக்காதீங்க."

"பரவாயில்லைங்க, நான் ஒண்ணும் நினைக்கல" என்றார் ஆய்வாளர்.

ஓட்டுநர் அதைச் சொன்னது ஆய்வாளரிடம் இல்லை.