கழித்தெழுதிய நிமிடங்கள்

ஜப்பானில் ஷோவா ஐம்பத்து நான்காம் ஆண்டு, அதாவது 1979, மார்ச் மாதம், செண்டாய் விளையாட்டரங்கில் நடந்த மல்யுத்த நிகழ்ச்சியின் நான்காவது பந்தயத்தில், தலைக்கு மேல் தூக்கி எறியப்பட்ட தோகாஷி ஜூகிச்சி பதினோரு விநாடி கீழே வரவில்லை. தோள் இரண்டும் தரையில் பட்டால்தான் எண்ண வேண்டும் என்பது விதி. ஆகவே நடுவர் மண்டியிட்டபடியே காத்திருந்தார். எதிராளி அந்த இடைவெளியில் ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டார். முன்வரிசையில் இருந்தவர்கள் காய்ந்த கணவாயை மென்றபடி அண்ணாந்து பார்த்தார்கள். பிறகு தோகாஷி இறங்கி வந்து, ஒன்பது நிமிடம் ஐம்பத்தோராவது விநாடியில் வென்றார்.

மல்யுத்த வார இதழில் விமர்சனம் எழுதும் இனுகாய், நேரத்தை ஒன்பது நிமிடம் நாற்பது விநாடி என்று போட்டார். மிதந்ததைப் பற்றி ஒரு வரி கிடையாது. காற்றில் இருந்தவன் சண்டை போடவில்லை, போடாத நேரத்துக்குக் கணக்கு எதற்கு என்பது அவர் வாதம். வாதமெல்லாம் சும்மா. வயிற்றெரிச்சல், அவ்வளவுதான். இருவரும் ஒரே பயிற்சிக்கூடத்தில் ஒரே பானையில் கறிச்சாறு காய்ச்சியவர்கள். இனுகாய் சேர்ந்தது ஒரு திங்கள்கிழமை, தோகாஷி சேர்ந்தது செவ்வாய்க்கிழமை. அந்தத் தொழிலில் ஒரு நாள் முந்தியவன் ஆயுசுக்கும் அண்ணன். மூன்றாம் வருடமே முழங்கால் உடைந்து இனுகாய் பேனா பிடித்தார். உச்சிக்குப் போன தோகாஷியோ எங்கே கண்டாலும் இடுப்பை வளைத்து, "அண்ணே, நேத்து எப்படி இருந்தேன்?" என்று கேட்பார். அந்த மரியாதை இனுகாய்க்கு மிளகாய்ப்பொடி.

வருடங்கள் போகப் போக விநாடிகள் நிமிடங்களாயின. தோகாஷி கூரை விளக்கில் முதுகு தட்டி நிற்பார். ரசிகர்கள் காகித டேப்பின் நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு சுருளை மேலே எறிவார்கள். அவர் இரண்டு மூன்றைப் பற்றிக்கொள்ள, மெதுவாக இழுத்து இறக்குவார்கள். மிதக்கும்போது அவர் எடை ஓர் ஈரத்துண்டின் எடைதான், காகிதமே தாங்கும். டேப் எறிவதற்கு முன் சுருளின் நடுவே இருக்கும் அட்டைக்குழலை உருவி எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மண்டை உடையும். இது தெரியாத ரசிகர் அந்த நாட்டில் இல்லை.

இனுகாயின் மனைவி சயோ, நிகழ்ச்சிக்கு முந்தின நாள் மாலை பன்னிரண்டு மஞ்சள் டேப்புகளை மேசையில் வைத்து ஒவ்வொரு குழலாக உருவுவாள். மஞ்சள், தோகாஷியின் நிறம். அவளுக்கு அந்த ஆள்மேல் காதல் கீதல் எதுவும் இல்லை. மிதக்கிற மனிதருக்கு டேப் எறியப் பிடிக்கும், அவ்வளவுதான். அந்த அவ்வளவுதானைத்தான் இனுகாயால் தாங்க முடியவில்லை. வீட்டில் எந்த இழுப்பறையைத் திறந்தாலும் அட்டைக்குழல் உருண்டது. பதினோரு வருடம் அவர் தோகாஷியின் நிமிடங்களைக் கழித்தே எழுதினார்.

பேரரசர் மாறி ஆண்டுக் கணக்கும் மாறிய ஹெய்செய் இரண்டாம் ஆண்டு, ஹச்சினோஹேயில் தோகாஷியின் கடைசிப் பந்தயம். அரங்கில் மராமத்து நடந்ததால் மீன் சந்தையின் வண்டி நிறுத்துமிடத்தில் மேடை போட்டார்கள். கூரை இல்லையே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

"என்னங்க, இன்னிக்காவது கண்ணால பாத்ததை எழுதுங்க. அந்த மனுஷனுக்குக் கடைசி நாளு" என்றாள் சயோ.

"நான் எழுதுறது மல்யுத்தம்டி. பலூன் வியாபாரம் இல்ல."

சொல்லிவிட்டு, அவள் பையிலிருந்து, குழல் உருவ விட்டுப்போயிருந்த ஒரு சுருளை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். எதற்கென்று அவருக்குத் தெரியும். மேடையில் தோகாஷியின் பெயரைக் கூப்பிடும்போது அந்த நெற்றியில் ஒன்று வைக்க வேண்டும். ஆனால் கூப்பிட்டபோது கை எழவில்லை.

முதல் ஐந்து பந்தயங்கள் சுமார். ஆறாவதில், பதினாறாம் நிமிடம், தோகாஷி மேலே போனார். விளக்குக் கம்பம் தாண்டியும் நிற்கவில்லை. இத்தனை காலம் அவரை நிறுத்தியது கூரைதான் என்று அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. மஞ்சள் டேப்புகள் நூற்றுக்கணக்கில் பறந்தன. குழல் இல்லாத சுருள்களுக்குக் கனம் போதவில்லை, கடல்காற்றில் பாதியிலேயே சரிந்தன. சயோ பதினொன்றையும் எறிந்துவிட்டு வாய்விட்டு அழுதாள். எனக்கு முழங்கால் போனபோது இவள் இப்படி அழுதாளா என்று இனுகாய் நினைத்தார். பையிலிருந்ததை எடுத்து முழு ஆத்திரத்தோடும் எறிந்தார். குறி நெற்றிதான்.

தப்பவில்லை. அடிபட்ட தோகாஷியின் கை தானாக எழுந்து குழலைப் பிடித்துக்கொண்டது. டேப்பின் மறுநுனி இனுகாயின் விரலில் இருந்தது. வானத்துக்கும் ஹச்சினோஹேக்கும் நடுவே வேறு எதுவும் இல்லை. சந்தை முழுக்க அவர் விரலையே பார்த்தது. விரலை விரித்தால் போதும். இனி எங்கே கண்டாலும் இடுப்பை வளைக்க ஆளே இருக்காது. டேப் இறுகியது. மேலிருந்து சத்தம் வந்தது.

"அண்ணே!"

இனுகாய் இழுக்கத் தொடங்கினார்.

இறங்கி வந்த தோகாஷி, விடைபெறுகிறவர் தோற்றே போக வேண்டும் என்ற முறைப்படி தோற்றார். பிறகு உடை மாற்றும் கூடாரத்தில், நெற்றியில் எலுமிச்சை அளவு வீக்கத்தோடு, குழலை இரண்டு கையாலும் நீட்டினார்.

"அண்ணே, இது உங்களுது. மேல இருக்கும்போது, விட்டுடலாமான்னு ஒரு நிமிஷம் யோசிச்சீங்க இல்ல?"

"ரெண்டு நிமிஷம்டா."

"சரிதான்" என்று தோகாஷி குனிந்து வணங்கினார்.

அந்த வார இதழில் வந்த விமர்சனம் இது: "ஆறாவது பந்தயம். தோகாஷி தோல்வி. முப்பத்தொரு நிமிடம் எட்டு விநாடி. இதில் காற்றில் பதின்மூன்று நிமிடம். எதையும் கழிக்கவில்லை. குழலோடு டேப் எறிந்த ஆள் வெட்கப்பட வேண்டும்." நாற்பது வாசகர் கடிதங்கள் வந்தன. அத்தனையும் குழலோடு எறிந்தவனைத் திட்டித்தான். மிதந்ததைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை, அதுதான் எல்லோருக்கும் தெரிந்த விஷயமாயிற்றே. சயோ கடிதங்களை ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்தாள். இனுகாய் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.